சின்னப் பெட்டிக்குக் காடி எடுக்க எந்த இழைப்புளி வாங்கலாம்? நான் பட்ட பாடு

மரப்பெட்டி செய்யப் பழகுகிறவர்கள் கொஞ்ச நாளில் காடியிடம் வந்து நிற்பார்கள். பெட்டியின் நான்கு பக்கப் பலகைகளிலும் உட்புறமாக, அடி விளிம்பிலிருந்து கொஞ்சம் மேலே, நீளவாக்கில் ஓடும் ஒல்லியான பள்ளம்தான் காடி. அடித்தட்டு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மரத்தைச் சீவும் கைக்கருவிதான் இழைப்புளி. இந்தப் பள்ளத்தை எடுக்கச் சரியான இழைப்புளியைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வீணானது. அக்கா மகள் கல்யாணத்துக்குத் தருவதாகச் சொன்ன பெட்டிகளையும் நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. அப்போது கேட்க எனக்கு ஆளில்லை. இனி வாங்கப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் இருப்பது மதுரையில், அடுக்குமாடிக் குடியிருப்பில். மொட்டைமாடிப் படிக்குக் கீழே இருக்கும் இடம்தான் பட்டறை. ஆரம்பத்தில் செய்த பெட்டிகளுக்கு அடித்தட்டைப் பசை போட்டு அப்படியே ஒட்டிவிடுவேன். மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது. சித்திரை வெயில் வந்ததும் தட்டு சுருங்கி நடுவில் வெடிப்பு விடும். மரம் அகலவாக்கில் சுருங்கி விரியும், நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. சுற்றிலும் பசையால் பிடித்துவைத்தால் எங்காவது வெடித்துத்தான் ஆக வேண்டும். காடிக்குள் பசையில்லாமல் தட்டைச் செருகிவிட்டால் அது தன் போக்கில் அசைந்துகொள்ளும். அதனால் காடி எடுத்தே தீர வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

சுழலும் பிட்டால் மரத்தைக் குடைந்தெடுக்கும் ரூட்டர் இயந்திரத்தில் நொடியில் முடிகிற வேலைதானே என்று சிலர் கேட்பார்கள். பெரிய கதவுச் சட்டத்துக்கு அது சரி. கையடக்கமான 6 அங்குலத் துண்டை, நிமிடத்துக்கு 20,000, 30,000 சுற்று சுற்றுகிற ஒரு பிட்டுக்குப் பக்கத்தில் விரலால் பிடித்துத் தள்ளுவது எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். அப்புறம் சத்தம், தூசி. கீழ் வீட்டில் கைக்குழந்தை. கையால் இழைப்பதுதான் எனக்குச் சரிப்பட்டு வரும்.

கல்யாணத்துக்கு நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு தேக்குக் குங்குமப் பெட்டி தருவதென்று திட்டம். 6 அங்குல நீளம், 4 அங்குல அகலம், பக்கப் பலகை 9 மில்லிமீட்டர் கனம், மேலே இழுத்துத் திறக்கும் மூடி. அடித்தட்டுக்கு ஒரு காடி, மூடி ஓட ஒரு காடி. நல்ல ரேகையாகப் பார்த்துப் பொறுக்கிய தேக்கு மிச்சத் துண்டுகளை மரவாடியில் வாங்கி வைத்தேன். அக்காவிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

காடி இழைப்புளியைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்க ஸ்டான்லி 45. 1880களில் வந்து 1960கள் வரை விற்பனையில் இருந்த கருவி. ஒரே உடம்பு, பெட்டி நிறைய அலகுகள், அதாவது வெட்டும் கத்திகள்: காடி எடுக்கலாம், ஓரத்தைப் படி போல வெட்டலாம், ஓரத்தில் குமிழ் வேலைப்பாடுகூடச் செய்யலாம். இங்கிலாந்தின் ரெக்கார்ட் 405 அதே வகை. இந்த வகையைப் பார்த்துச் செய்த மலிவான புதுக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். இத்தனை அலகு இருக்கிறதே, ஆயுசுக்கும் போதும் என்று தோன்றியது. நான் பார்த்த காணொளிகள் எல்லாமே மேசை இழுப்பறைக்கும் அலமாரிக் கதவுக்கும் காடி எடுப்பவை. அவர்கள் மேல் குறையில்லை, அவர்கள் வேலை அது. ஆனால் ஒரு அடிக்கும் குறைவான துண்டில் அதே கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று அவற்றில் ஒருவர்கூடப் பேசவில்லை.

பெட்டியைப் பிரித்த அன்று சந்தோஷம்தான். கனமான, பளபளப்பான இரும்பு. முதல் துண்டில் வைத்துத் தள்ளினேன். ஒன்றிரண்டு சுருள் வந்தது, அப்புறம் நின்றது. அழுத்தித் தள்ளினால் கோட்டை விட்டு வெளியே ஓடியது. பள்ளத்தின் கரை பிய்ந்து நார் நாராக நின்றது. அலகைத் தீட்டிப் பார்த்தேன், மெழுகு தடவிப் பார்த்தேன், கொஞ்சமாக நீட்டியும் பார்த்தேன். பாதி ஆழம் போனதும் இழைப்புளி பள்ளத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், பின்னால் இழுத்தால் பலகையும் சேர்ந்து வரும். நான்கு பக்கமும் ஒரே ரேகை ஓட வேண்டும் என்று தேடி வாங்கிய தேக்கு ஒவ்வொன்றாகக் கெட்டது. மரம் மட்டும் 3,500 ரூபாய் இருக்கும். பணம் ஒரு பக்கம். கைக்கு இந்த வேலை வராது போல என்ற எண்ணம் வந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. பல இரவுகள் அந்தப் படிக்கு அடியில் உட்கார்ந்து கோபத்தில் ஒன்றும் செய்யாமல் எழுந்து வந்திருக்கிறேன். விற்றவரிடம் கேட்டதற்கு, பயன்படுத்திய கருவியைத் திருப்பி எடுப்பதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

கடைசியில் எங்கள் தெரு முனையில் கதவு, நிலை செய்யும் ஒரு வயதான ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் அதை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, அடியில் ஓடும் இரும்புத் தகட்டையும், பலகை ஓரத்தில் உரசி வரும் ஃபென்ஸ் என்ற தடுப்பையும் பார்த்தார். "தம்பி, இது ரெண்டும் ஒரே கோட்டுல இல்ல. முன்னாடி ஒட்டுது, பின்னாடி விரியுது. அது நேரா எங்கிட்டுப் போகும்?" என்றார். அப்புறம் அலகைக் கழற்றி அடித்தகட்டின் மேல் வைத்துக் காட்டினார். அலகின் அகலமும் தகட்டின் கனமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. "அலகு வெட்டுன வழியிலதான தகடு இறங்கணும்? அதுக்கு இடமே இல்லையே."

அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துகொண்டதை விரித்துச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். காடி இழைப்புளிக்கு அகலமான அடிப்பகுதி கிடையாது. ஒல்லியான ஒரு இரும்புத் தகடுதான் அடி. அலகு வெட்ட வெட்ட அந்தத் தகடு பள்ளத்துக்குள் இறங்கும். அதனால் அலகு தகட்டை விட இரண்டு பக்கமும் மயிரிழையாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே இறுகிவிடும். இழைப்புளி பலகையின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓட வேண்டும் என்று பிடித்துவைப்பது ஃபென்ஸ். அது அடித்தகட்டுக்கு முழு இணையாக இருக்க வேண்டும். இதைக் கண்ணால் நம்பாதீர்கள். வெர்னியர் காலிப்பரால் தகட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்முனையில் ஒரு தடவை, பின்முனையில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். என்னுடையதில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். ஃபென்ஸைத் தாங்கும் தண்டுகளுக்கான துளைகளையே கோணலாகப் போட்டிருந்தார்கள். அலகின் வெட்டுமுனையை மூலைமட்டத்தில் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் காடியின் அடிமட்டமும் சாயும். அலகின் பக்கங்களையும் பாருங்கள். வெட்டுமுனைதான் எல்லாவற்றையும் விட அகலமாக இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் இம்மியளவு குறுகினால் நல்லது. ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப்பை இறுக்கிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நழுவினால் நான்கு பலகையிலும் நான்கு ஆழம் வரும். கடையில் நின்றுகொண்டே இவ்வளவையும் பார்த்துவிடலாம். இணையத்தில் வாங்கினால், மரத்தில் ஒரு தடவைகூட ஓட்டாமல் முதலில் இதைப் பாருங்கள். அந்த நிலையில் திருப்பி அனுப்ப வழி இருக்கும்.

ஆசாரி ஃபென்ஸின் மரப்பட்டிக்குப் பின்னால் மெல்லிய தகரத்துண்டு ஒன்றை அண்டக்கொடுத்தார். அலகின் பின்பக்கங்களை அரத்தால் தேய்த்து, இருக்கும் அடித்தகட்டையும் பக்கவாட்டில் கொஞ்சம் ராவினார். நீளமான பலகையில் அது இப்போது ஒழுங்காக ஓடியது. ஆனால் 6 அங்குலத் துண்டில் பழைய கதைதான். அதற்குக் காரணம் கோளாறு இல்லை, அளவு. இந்த வகை இழைப்புளியின் அடித்தகடே என் பலகையை விட நீளம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கருவியின் பெரும்பகுதி அந்தரத்தில் நிற்கும், கனமும் அதிகம். துளி சாய்ந்தாலும் கரை போய்விடும். அதோடு ஃபென்ஸ் ஆழமாகக் கீழே தொங்கும். பலகையோ 9 மில்லிமீட்டர் கனம்தான். ஃபென்ஸ் மேசையில் இடித்துவிடும். பெட்டி வேலைக்குக் குட்டையான, கனம் குறைந்த காடி இழைப்புளிதான் வேண்டும். அலகு எத்தனை வருகிறது என்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பெட்டியில் காடி எப்போதும் மர ரேகையோடு நீளவாக்கில்தான் ஓடும். ரேகைக்குக் குறுக்கே வெட்டும்போது நார் பிய்யாமல் இருக்க உதவும் பக்கக் கத்திகள்கூட நமக்குத் தேவைப்படாது. நான் கூடுதலாகக் காசு கொடுத்த அத்தனை வசதியும் என் வேலைக்குச் சம்பந்தமில்லாதவை.

இதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. வெள்ளித் தட்டு வாங்கிக் கொடுத்தோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மண்டபத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அடுத்த முறை அவசரப்படவில்லை. என் முன்னால் இருந்த வழிகள் இவை. கனடாவின் வெரிடாஸ் செய்யும் சிறிய காடி இழைப்புளி நல்ல கருவி, இடக்கைக்காரர்களுக்கும் தனியாக உண்டு. அதோடு கால் அங்குல அலகுதான் வரும். அது குங்குமப் பெட்டிக்கு அகலம் அதிகம், ஒல்லியான அலகைத் தனியாக வாங்க வேண்டும். பெட்டி வேலைக்கென்றே இன்னும் சிறிதாக ஒன்றையும் அவர்கள் செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து விலை எங்கோ போய்விடுகிறது. காசு இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நான் போனது பழைய ரெக்கார்ட் 043க்கு. ஷெஃபீல்டில் செய்தது, இப்போது புதிதாகக் கிடையாது, பழையதாகத்தான் கிடைக்கும். கைக்குள் அடங்கும் அளவு. அலகுகள் மூன்றே மூன்று: எட்டில் ஒரு பங்கு, பதினாறில் மூன்று பங்கு, கால் அங்குலம். இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் 80 பவுண்டுக்கு வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேல்துரு தேய்த்தால் போய்விடும். பாகம் குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆழ ஸ்டாப்பும் ஃபென்ஸ் தண்டுகளும் தொலைந்துபோகிற பொருள்கள். அவை இல்லாமல் மலிவாகக் கிடைத்தால் அது மலிவே இல்லை. தலைகீழாகத் திருப்பிய நிலையில், முழு அடித்தகடும் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். தகடு வளைந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலகு போனால்கூட நல்ல எஃகில் செய்துகொள்ளலாம், வளைந்த தகட்டை நேராக்குவது நம்மால் ஆகிற காரியம் இல்லை. 043இல் அலகை முன்னே நகர்த்தத் திருகு கிடையாது. சின்னச் சுத்தியலால் தட்டித்தான் வைக்க வேண்டும். கொஞ்சம் பழகினால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கருவி கிடைத்தபின் தெரிந்தது, பலகையைப் பிடித்துவைப்பது அதற்குச் சமமான வேலை என்று. மேசையில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் இறுக்கினால் மெல்லிய பலகை வளையும், ஃபென்ஸுக்கும் இடம் இருக்காது. நான் செய்துகொண்ட ஏற்பாடு: இரண்டடி நீளத்துக்கு ஒரு பிளைவுட் பலகை. அதன் பின்பக்கம் நீளவாக்கில் 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டியை ஒட்டியாயிற்று. முன்னே தள்ளும்போது பலகை ஓடாமல் தடுக்க முனையில் இரண்டு பித்தளைத் திருகுகள், தலை வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும். பித்தளை எதற்கு என்றால் தவறி அலகு பட்டாலும் முனை அவ்வளவாகக் கெடாது. காடி எடுக்கப் போகும் வேலைப்பலகையைப் பட்டியோடு ஒட்டி வைத்தால் அதன் ஓரம் பிளைவுட்டை விட 2 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஃபென்ஸ் வேலைப்பலகையில் மட்டும் உரசும். இந்த முழு ஏற்பாட்டையும் மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு நிறுத்தினால் ஃபென்ஸ் தடையில்லாமல் கீழே தொங்கும்.

ஓட்டும்போது பலகையின் நம்மை விட்டுத் தள்ளியிருக்கும் முனையில் தொடங்குங்கள். இரண்டு மூன்று அங்குலம் மட்டும் வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து வந்து, அப்புறம்தான் முழு நீளத்துக்கும் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். இப்படிச் செய்தால் இழைப்புளிக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பாதை இருக்கும், ரேகை இழுக்கிற பக்கம் ஓடாது. இடது கை ஃபென்ஸைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க மட்டும். வலது கை முன்னே தள்ள மட்டும். இரண்டு கையும் இரண்டு வேலையையும் செய்யப் பார்த்தால்தான் சாயும்.

இன்னொன்று. பெட்டிக்கு நான்கு துண்டாக அறுத்துவிட்டுக் காடி எடுக்காதீர்கள். நான்கு பக்கத்துக்கும் போதுமான ஒரே நீளப் பலகையை இழைத்து, அதில் காடியை எடுத்துவிட்டு, அப்புறம் துண்டாக அறுங்கள். கருவிக்கு ஓட நீளம் கிடைக்கும், ஆழமும் தூரமும் நான்கு பக்கத்திலும் ஒன்றாக இருக்கும், ரேகையும் பெட்டியைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். மூலைகளை 45 டிகிரியில் சேர்த்தால் காடி முனைவரை ஓடியிருப்பது வெளியே தெரியவே தெரியாது. புறாவின் வால் போல விரிந்த பற்களைக் கோத்துப் புறாவால் இணைப்பு போடுகிறவர்களுக்கு இரண்டு பக்கப் பலகைகளின் முனையில் சின்னச் சதுர ஓட்டை தெரியும். அதே மரத்தில் ஒரு துண்டு சீவி அடைத்துவிடலாம். மூடி ஓடும் மேல்காடிக்கும் ஃபென்ஸை அதே அடிவிளிம்பிலேயே ஓட்டுங்கள், தண்டு எட்டும்வரை விரித்துக்கொண்டு. மேல்விளிம்பிலிருந்து ஓட்டினால் பலகையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும், ரேகைக்கு எதிராக வெட்டுவது போலாகிக் கரை பிய்யும். தேக்கில் மணல் சத்து உண்டு, முனை சீக்கிரம் மழுங்கும். சுருள் வருவது நின்று தூளாக வந்தால் தள்ளுவதை நிறுத்திவிட்டுத் தீட்டப் போய்விடுங்கள்.

எத்தனை அகலத்தில் காடி என்பதையும் வாங்கும்முன் முடிவு செய்ய வேண்டும். அலகுகள் அங்குலக் கணக்கு, நம் ஊர் பிளைவுட் மில்லிமீட்டர் கணக்கு. எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்பது 3.2 மில்லிமீட்டர், பதினாறில் மூன்று பங்கு 4.8. 4 மில்லிமீட்டர் என்று விற்கும் பிளைவுட் அளந்தால் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 3.2இல் நுழையாது, 4.8இல் லொடலொட என்று ஆடும். நான் எல்லாப் பெட்டிக்கும் 3.2 காடி, 3 மில்லிமீட்டர் ஆழம் என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டேன். அடித்தட்டுக்கு 6 மில்லிமீட்டர் கனத்தில் பலகை எடுத்து, ஓரத்தைச் சுற்றிலும் படியாகச் சீவிக் காடிக்குள் நுழைகிற மாதிரி செய்துவிடுகிறேன். காடிக்குத் தட்டைப் பொருத்துவது சுலபம், தட்டுக்குக் காடியைத் தேடுவதுதான் கஷ்டம்.

அக்கா மகளுக்குப் பெட்டி அவள் முதல் ஆடிக்கு ஊருக்கு வந்தபோது கையில் கொடுத்தேன். மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

என்னைப் போல ஒரே அளவுக் காடி போதும் என்பவர்கள் இவ்வளவு செலவுகூடச் செய்ய வேண்டாம் என்பது பிறகுதான் புரிந்தது. பழைய ஆசாரிகள் காடி இழைப்புளியைத் தாங்களே மரத்தில் செய்துகொள்வார்கள்: அகலம் ஒன்று, தூரம் ஒன்று, மாற்றுவதற்கு எதுவும் இல்லை. ஃபென்ஸும் உடம்பும் ஒரே கட்டை என்பதால் கோணவும் கோணாது. எங்கள் தெரு ஆசாரி புளிய மரத்தில் ஒன்று செய்து, பழைய அரத்தை அலகாக்கி, 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடித்தட்டுக் காடிக்கு இப்போது அதைத்தான் எடுக்கிறேன், மூடிக் காடிக்கு மட்டும் 043. உங்கள் பக்கம் அப்படி ஒருவர் இருந்தால் குறைந்தது மூன்று அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: அலகு 3.2 மில்லிமீட்டர், அடியில் பதிக்கும் இரும்புப் பட்டி 2.5க்கு மேல் போகக் கூடாது, விளிம்பிலிருந்து காடி தொடங்கும் தூரம் 5. அந்தத் தூரத்தை அதைவிடக் குறைத்தால் காடிக்குக் கீழே மிஞ்சும் உதடு தட்டைச் செருகும்போதே உடைந்துவிடலாம்.